பாடநூலில் இல்லாத இதயங்கள்

1954-இல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் இதயநோய்க்கென்று தனிப் பிரிவு ஒன்று தொடங்கியது. தொடங்கியவர் எஸ். பத்மாவதி. லண்டனில் உயர்படிப்பு, பால்டிமோரில் ஹெலன் டாசிக்கிடம் பயிற்சி, பாஸ்டனில் பால் டட்லி வொயிட்டிடம் பயிற்சி என்று அன்றைய இதய மருத்துவத்தை அதன் ஊற்றிலேயே கற்றுத் திரும்பியவர். அங்கே அவர் பார்த்த இதயநோயாளிகளில் நடுவயது தாண்டிய ஆண்கள் ஏராளம். டெல்லியில் அவரிடம் வந்தவர்களோ பெரும்பாலும் இளம் வயதினர், அதிலும் பெண்கள். பத்துப் படி ஏற முடியாமல் மூச்சு வாங்கும் பள்ளிச் சிறுமிகள், கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கும் பெண்கள், கால் வீங்கி உதடு நீலம் பாரித்த அடுப்படித் தாய்மார்கள்.

இந்தியாவில் நவீன இதய மருத்துவம் வளர்ந்ததைச் சொல்பவர்கள் 'முதல்' சாதனைகளை அடுக்குவது வழக்கம். முதல் திறந்த இதய அறுவை, முதல் பைபாஸ், முதல் இதய மாற்று. அவை எல்லாமே பெருமைக்குரியவைதான், அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இந்தத் துறையை உண்மையில் நகர்த்தியவர்கள், படித்த பாடநூலும் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியும் ஒத்துப்போகாத வேளையில் நோயாளியை நம்பியவர்கள். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

பத்மாவதி பிறந்தது 1917-இல், பர்மாவில். தந்தை அங்கே வழக்கறிஞர். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற கொஞ்ச நாளிலேயே ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. தாயும் மகள்களும் மாக்வே நகரிலிருந்து விமானமேறித் தப்பினார்கள், ஆண்கள் பின்தங்க நேர்ந்தது. பெண்கள் வந்து தங்கிய ஊர் கோயம்புத்தூர். போர் முடியும்வரை அங்கேதான் காத்திருந்தார்கள். பிறகுதான் லண்டன் பயணம், அமெரிக்கப் பயிற்சி எல்லாம். 1953-இல் இந்தியா திரும்பியவரை லேடி ஹார்டிங்கில் பணியமர்த்தியவர் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியால் அங்கே ஓர் இதயக் குழாய் ஆய்வுக்கூடம், இன்று நாம் 'கேத் லேப்' என்கிறோமே அது, அமைந்தது. கையின் ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்க அறைகளுக்குள் செலுத்தி, அங்கங்கே உள்ள அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் அளப்பார்கள். அதுவரை ஸ்டெதஸ்கோப் ஒலியை வைத்து ஊகித்ததை எண்ணால் சரிபார்க்க முடிந்தது.

அந்த எண்கள் காட்டிய முதல் பெரிய உண்மை அடுப்படியிலிருந்து வந்தது. நுரையீரல் நாள்பட்டுச் சீரழியும்போது அதற்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலது கீழறை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்து அந்த அறை வீங்கித் தளரும். மேற்கில் இது சுருட்டும் சிகரெட்டும் பிடித்த வயதான ஆண்களின் நோய். டெல்லியில் இந்நோய் கண்ட 127 பேரை ஆராய்ந்து பத்மாவதியும் சக ஆய்வாளர் பாதக்கும் 1959-இல் 'சர்க்குலேஷன்' இதழில் எழுதினார்கள். புகைபிடிக்கும் வழக்கம் அரிதாகவே இருந்த பெண்களிடமும் நோய் தாராளமாக இருந்தது. அதுவும் ஆண்களைவிட இளம் வயதிலேயே வந்தது. சாளரமில்லாத சமையலறையில் வறட்டியும் விறகும் எரிய, சிறுவயதிலிருந்தே அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அவர்கள். வீட்டுப் புகை உயிரைக் குடிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் உரத்துப் பேசத் தொடங்கப் பல பத்தாண்டுகள் இருந்தன. ஓர் இதய மருத்துவர் நோயாளியின் சமையலறையைப் பற்றிக் கேட்டார் என்பதே எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது.

பத்மாவதி டெல்லியில் தொடங்கியபோது மற்ற ஊர்களில் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. 1946-இலேயே கல்கத்தாவில் இந்திய இதயநோயியல் சங்கம் உருவாகிவிட்டது. பின்னாளில் மேற்கு வங்க முதல்வரான டாக்டர் பி.சி. ராய் அதன் தலைவராக இருந்தார். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர் வேறொரு திசையில் போய்க்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் உயர் ரத்த அழுத்தத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி மாத்திரை கிடையாது. 1945 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய அழுத்தம் 300/190. உலகின் மிக வலிமையான மனிதருக்கே மருத்துவர்களால் ஓய்வும் உப்பில்லா உணவும் தூக்க மாத்திரையும்தான் தர முடிந்தது. இந்தியாவிலோ சர்ப்பகந்தா வேரைப் பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக 1931-இலேயே கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதியிருந்தார்கள். அதே காலத்தில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி அந்த வேரின் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். இவையெல்லாம் இந்தியாவுக்கு வெளியே யார் கண்ணிலும் படவில்லை. வக்கீல் 50 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எண்களோடு வெளியிட்டார். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது.

1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தது. நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலினை அது காலி செய்துவிடும். நாளங்களை இறுக்கும் கட்டளை பலமிழக்கும், அழுத்தம் இறங்கும். அளவு கூடினால் மனச்சோர்வு வரும் என்பதும் பிறகு தெரிந்தது, மெல்ல மெல்ல வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. வக்கீலுக்கு 1957-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. பழைய மருந்தென்றால் கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குவதுமாகப் பிளந்து கிடக்கும் நம் ஊர் விவாதங்களில் இந்தச் சம்பவத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வக்கீல் போற்றவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. அளந்தார்.

இனி, பள்ளிச் சிறுமிகளின் மூச்சுவாங்கலுக்கு வருவோம். இந்திய இதய மருத்துவத்தின் மையக் கதை அதுதான்.

தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொற்றினால் உடல் அதற்கெதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. கிருமியின் சில புரதங்களும் நம் இதயத் திசுவின் சில புரதங்களும் ஒத்த வடிவம் கொண்டவை. சில குழந்தைகளின் உடலில் அந்த எதிர்ப்பொருள்கள் ஆள் மாறி இதயத்தையே தாக்குகின்றன. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் சில வாரங்களில் மறைந்துவிடும். வால்வில் ஏற்பட்ட புண் ஆறித் தழும்பாகும். தொண்டைத் தொற்று திரும்பத் திரும்ப வரும்போது தழும்பின்மேல் தழும்பு ஏறும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வாயில் 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கி, சட்டைப் பொத்தான் துளை போல ஆகிவிடும். ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கும்.

ருமாட்டிக் காய்ச்சல் குளிரும் ஈரமுமான நாடுகளின் நோய், வெப்ப நாடுகளில் அது இல்லை என்றே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அப்படியே கற்பித்தார்கள். தென்னிந்தியாவில் பி. குடும்பையா போன்றவர்கள் இந்நோயின் தடத்தை இதயங்களில் நேரில் கண்டு எழுதியபிறகும் அந்த நம்பிக்கை சட்டென்று மறையவில்லை. மூட்டு வலி மிதமாக வந்து தானே போய்விட்டால் எந்த ஏழைத் தாயும் வேலையை விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட மாட்டாள். காய்ச்சல் யார் கண்ணுக்கும் படாமல் போகும், வால்வு நோய் முற்றியபிறகே பிள்ளை வரும்.

பாடநூலின் இன்னொரு கூற்றும் பொய்த்தது. காய்ச்சலுக்குப் பிறகு வால்வு சுருங்க இருபது முப்பது ஆண்டுகள் ஆகும், ஆகவே மைட்ரல் சுருக்கம் முப்பது நாற்பது வயதுக்காரரின் நோய் என்றிருந்தது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், அதாவது எய்ம்ஸில், இதயப் பிரிவை நிறுவிய சுஜாய் பி. ராயும் எம்.எல். பாட்டியா, லசாரோ, நோய்க்குறியியல் அறிஞர் வி. ராமலிங்கசாமி ஆகியோரும் 1963-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரை இந்த எண்ணத்தை உடைத்தது. இந்தியாவில் இருபது வயது நிரம்பாதவர்களிடமே முற்றிய மைட்ரல் சுருக்கம் சாதாரணமாக இருக்கிறது என்று அவர்கள் குழாய் ஆய்வின் அழுத்த அளவுகளோடு காட்டினார்கள். நெருக்கடியான வீடுகள், திரும்பத் திரும்ப வரும் தொண்டைத் தொற்று, பென்சிலின் கிடைக்காமை இவையெல்லாம் சேர்ந்து முப்பதாண்டுச் சேதத்தை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அடைத்துவிட்டன. வறுமை ஒரு நோயின் கால அட்டவணையையே மாற்றியிருந்தது.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? விடையின் பெரும்பகுதி வேலூரில் எழுதப்பட்டது.

அமெரிக்க நெஞ்சக அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். இதயநோய்ப் பிரிவைக் கமலா வைத்திலிங்கம் வளர்த்தார். இதய நுரையீரல் எந்திரம் இந்தியாவில் பரவலாகாத அந்தக் காலத்தில் அவர்கள் கைக்கொண்ட முறை மூடிய மைட்ரல் விரிப்பு. மார்பின் இடப்பக்கத்தைத் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் இடது மேலறை ஓரத்தில் சுருக்குத் தையல் போட்டு, சிறு கீறல் வழியாக அறுவை மருத்துவர் தன் சுட்டுவிரலை உள்ளே விடுவார். ரத்தம் நிறைந்த அறைக்குள் கண்ணுக்கு வேலையில்லை. விரல்நுனிதான் ஒட்டிய இதழ்களின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். விரலை அழுத்தியோ, கீழறை வழியாகச் செலுத்திய விரிப்பானை விரித்தோ ஒட்டைப் பிரிப்பார்கள். வால்வை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில வினாடிகளில் ரத்த ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். கொஞ்சம் கூடுதலாகக் கிழிந்தால் வால்வு கசியத் தொடங்கும், குறைவாகப் பிரிந்தால் பயனில்லை. அளவு விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலை நாடுகள் 1970களில் இந்த முறையைக் கைவிட்டு, எந்திர உதவியோடு இதயத்தைத் திறந்து கண்ணால் பார்த்துச் செய்வதற்கு மாறிவிட்டன. வேலூர் கைவிடவில்லை. இளம் வால்வுகளில் சுண்ணாம்பு படிந்திருக்காது, இதழ்கள் இணக்கமாகப் பிரியும். செலவு குறைவு, ரத்தமும் அதிகம் தேவையில்லை. ஸ்டான்லி ஜானும் உடன் பணியாற்றியவர்களும் 1983-இல் 'சர்க்குலேஷன்' இதழில் தொடர்ச்சியாக 3,724 நோயாளிகளின் முடிவுகளையும் பிந்தைய நிலையையும் வெளியிட்டார்கள். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எந்த மருத்துவமனையும் நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கை. காலாவதியானதாக ஒதுக்கப்பட்ட ஒரு சிகிச்சை, சரியான நோயாளிக்குச் சரியான கையால் செய்யப்பட்டால் பல்லாண்டு நிலைக்கும் என்பதற்கு அந்தக் கட்டுரை சான்று.

கர்ப்பிணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் ரத்தத்தின் கொள்ளளவு 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது. அதுவரை சமாளித்த வால்வு அந்த வெள்ளத்துக்கு ஈடுகொடுக்காது. தனக்கு இதயநோய் இருப்பதே முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுதான் பல பெண்களுக்குத் தெரியவரும். மூடிய விரிப்பு தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்ற வல்லது. இதயம் நிற்க வேண்டாம், எந்திரத்தோடு இணைக்க வேண்டாம் என்பதால் கருவுக்கு ஆபத்து குறைவு. நம் ஊர்களில் இன்று பாட்டிகளாக இருக்கும் எத்தனையோ பெண்களின் மார்பில் இடப்பக்கம் வளைந்த ஒரு நீளத் தழும்பு இருக்கிறது.

பிறகு விரலின் வேலையைப் பலூன் எடுத்துக்கொண்டது. ஜப்பானின் கான்ஜி இனோவே, தொடை நாளம் வழியாகப் பலூனை வால்வுக்குக் கொண்டுபோய் ஊதிப் பிரிக்கும் முறையை 1984-இல் வெளியிட்டார். மறுஆண்டே குழந்தைகளிடமும் இளையோரிடமும் பலூனால் வால்வைப் பிரித்த அனுபவத்தை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் லாக் எழுதினார். அதில் அவரோடு கலீலுல்லா, ஸ்ரீவத்சவா, பால் என்ற இந்திய மருத்துவர்களின் பெயர்கள் இருந்தன. இளம் வால்வு நோயாளிகள் உலகில் எங்கே அதிகமோ அங்கேதானே அந்தக் கலை தேறும்!

இவ்வளவு திறமையும் நோய் முற்றியபிறகு பயன்படுவது. முற்றாமல் தடுக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சாதீன் பென்சிலின் ஊசி போதும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. விலை மலிவான இந்த மருந்து அடிக்கடி கிடைக்காமல் போகிறது. லாபம் குறைவென்பதால் தயாரிப்பவர்கள் சிலரே. ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் பல சிறு மருத்துவமனைகள் ஊசி போட மறுக்கின்றன. எய்ம்ஸின் அனிதா சக்சேனா குழுவினர் ஹரியானாவின் பல்லப்கர் பகுதிப் பள்ளிகளில் 6,270 குழந்தைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவில், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்டுபிடித்தது ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. எக்கோ கருவி காட்டியது ஆயிரத்துக்கு 20. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வால்வில் மட்டும் தொடக்க அடையாளம். உகாண்டாவில் இத்தகைய 818 பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் ஊசி பெற்றவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் இரண்டாண்டுக்குள் நோய் முன்னேறியிருந்தது. பத்து மடங்கு வேறுபாடு. மாநகரங்களில் தெருவுக்கொரு இதய மருத்துவமனை திறக்கும் நாட்டில் இந்த ஊசிக்குத் தட்டுப்பாடு வருவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

'முதல்' சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் தொடக்கத்தில் இதய நுரையீரல் எந்திரத்தோடு திறந்த இதய அறுவை பம்பாயிலும் வேலூரிலும் வெற்றி கண்டது. வேலூரில் அதைச் செய்த என். கோபிநாத் பின்னர் எய்ம்ஸுக்குப் போய் அங்கே துறையை வளர்த்தார். 1975-இல் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைக் கே.எம். செரியன் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தார். ஜூரிச்சில் 1977-இல் பலூனால் இதய நாள அடைப்பை நீக்கிக் காட்டிய குருன்ட்சிக்கிடம் பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-இல் சென்னையில் ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கிவைத்தார். பிறகு ஸ்டென்ட் வந்தது. அதன் விலை ஏழைக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் கடனில் தள்ளியது. 2017 பிப்ரவரியில்தான் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு விதித்தது.

இதய மாற்று மட்டும் ஒரு விசித்திரமான இடைவெளியோடு நடந்தது. கிறிஸ்டியான் பர்னார்ட் உலகில் முதன்முதலாகச் செய்த இதய மாற்று அறுவைக்கு மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1968 பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் இதயத்தை மாற்றிப் பொருத்தினார். உலகில் ஆறாவது முயற்சி அது. நோயாளி சில மணி நேரமே உயிரோடிருந்தார். முதல் வெற்றிக்கு 26 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கைத்திறனில் குறையில்லை. மூளைச் சாவை மரணமாக ஏற்கும் சட்டம் இல்லாததால் துடிக்கும் இதயத்தை எடுக்க வழியில்லை. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த சில வாரங்களிலேயே, ஆகஸ்ட் 3 அன்று, எய்ம்ஸில் பி. வேணுகோபால் அதைச் செய்து முடித்தார்.

பொருத்தக்கூடிய இன்னொரு பொருளைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. வால்வு பிரிக்க முடியாதபடி சிதைந்துவிட்டால் செயற்கை வால்வு வைக்க வேண்டும். 1970களில் அது இறக்குமதிப் பொருள், பெரும்பாலோருக்கு எட்டாத விலை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் அதை உள்நாட்டிலேயே செய்வது என்று இறங்கினார். இதயம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தட்டு திறந்து மூட வேண்டும். தேயக்கூடாது, உடையக்கூடாது, ரத்தம் அதன்மேல் உறையக்கூடாது. முதல் மூன்று வடிவமைப்புகளும் சோதனைகளில் தோற்றன. ஒன்றில் உலோகச் சட்டம் முறிந்தது. அடுத்ததில் செயற்கை நீலக்கல் தட்டு உரசி உரசி டைட்டானியச் சட்டம் தேய்ந்தது. சட்டத்தைக் கடினமான வேறு உலோகக் கலவையால் செய்தபோது நீலக்கல் தட்டே உடைந்தது.

நான்காவது முறை நீலக்கல்லைக் கைவிட்டு, இடுப்பு மூட்டு மாற்றில் பயன்படும் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் தட்டைச் செய்தார்கள். உலகில் அப்போது முன்னணியில் இருந்த வால்வுகள் கார்பன் தட்டுகளை நம்பியிருந்தன. பிளாஸ்டிக் தட்டு என்றதும் ஐயப்பட்டவர்கள் உண்டு. அது சோதனை எந்திரங்களிலும் ஆடுகளிலும் தாக்குப்பிடித்தது, மூடும்போது எழும் 'டிக்' ஒலியும் மற்றவற்றைவிட மெலிதாக இருந்தது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட டி.டி.கே. சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சென்றடைந்திருக்கிறது. மூன்று தோல்விகளின் நடுவிலும் ஓர் அரசு நிறுவனம் பொறுமை காத்ததே இதில் பெரிய பாடம். அத்தகைய பொறுமை ஆய்வு நிதி வழங்குவோரிடம் இன்றும் வேண்டும்.

சரி, மாரடைப்பு? அது பணக்காரர் நோய், கொழுத்தவர் நோய், நெய்யும் இறைச்சியும் தின்பவர் நோய் என்ற எண்ணத்துக்கு முதல் அடி ரயில்வேயிலிருந்து விழுந்தது. ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா, நாடு முழுக்கப் பரவியிருந்த ரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டு 1967-இல் எழுதினார். நெய்யும் பாலும் தாராளமாக உண்ட பஞ்சாபியரைவிட, கொழுப்பு மிகக் குறைவாக உண்ட தென்னிந்தியரிடம் இதய நாள நோய் ஏறக்குறைய 7 மடங்கு அதிகம். கொழுப்பின் வகை, உணவை மெல்லும் விதம் என்று அவர் காட்டிய காரணங்கள் பின்னர் நிலைக்கவில்லை. பதிவுகளை மட்டும் நம்பும் ஆய்வுக்கு உள்ள குறைகளும் இதற்கு உண்டு. ஆனால் ஒல்லியான, சோறும் குழம்பும் உண்ணும் உழைப்பாளிக்கும் மாரடைப்பு வருகிறது என்று அவர் கண்டது உண்மை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை பைபாஸுக்கு முன்னோடியானதில் ஆச்சரியமில்லை. நோயாளிகள் அங்கே இருந்தார்கள்.

ஒல்லியானவருக்கு ஏன் வருகிறது? புணேயின் சித்தரஞ்சன் யாக்னிக் விடையைத் தொட்டிலில் தேடினார். புணேயைச் சுற்றிய கிராமங்களில் குழந்தையின் சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தையிடம் தசையும் உள்ளுறுப்புகளும் குறைவு, தோலடிக் கொழுப்போ ஏறக்குறைய அதே அளவு. மெலிந்த உருவத்துக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. 2004-இல் 'லான்செட்' இதழில் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. எடை இயந்திரத்தில் நிற்பதோடு திருப்தியடையும் நம் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இல்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் இதோடு பொருந்தியது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியருக்கு 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. புகையிலை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு என்று காரணங்கள் உலகெங்கும் அவையேதான். இங்கே அவை முன்னதாகவே வந்து சேர்கின்றன.

மாரடைப்பு வந்தபின் செய்ய வேண்டியதிலும் வெளிநாட்டு விதி இங்கே அப்படியே செல்லாது. அடைப்பு விழுந்ததும் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. மருத்துவமனைக்கு வந்த 90 நிமிடத்துக்குள் பலூனால் நாளத்தைத் திறப்பதே சிறந்தது என்கின்றன மேலை நாட்டு நெறிமுறைகள். கேத் லேபிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி, தாலுகா மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு அந்த விதியால் என்ன பயன்? கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் இதற்கென வகுத்த தமிழ்நாட்டுத் திட்டத்தில் பெரிய மருத்துவமனை மையமாகவும், சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகள் கிளைகளாகவும் இணைந்தன. கிளையில் எடுக்கும் ஈசிஜி உடனே மையத்துக்குப் போகும். அங்கிருந்து சொன்னதும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கிளையிலேயே போட்டுவிடுவார்கள். நாளம் ஓரளவு திறந்து தசை பிழைக்கும். 108 வண்டியில் மையத்துக்கு வந்தபிறகு, 3 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்து மிச்ச அடைப்பை நீக்குவார்கள். நான்கு மையங்களில் 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் திட்டத்துக்கு முன் 17.6 விழுக்காடு, பின் 14.2 விழுக்காடு. புதுக் கருவி எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தையும் இருந்த வண்டியையும் சரியான வரிசையில் கோத்ததால் பிழைத்த உயிர்கள் இவை.

இன்னமும் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி வீட்டிலேயே கழிகிறது. நெஞ்சு கனத்தால் வாயு என்று சோடா குடிப்பார்கள், இஞ்சிச் சாறு பிழிவார்கள், விடியட்டும் என்று படுப்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் வியர்வையும் மயக்கமும் மட்டும் வரலாம். பெண்கள் தாடை வலி, முதுகு வலி என்று சொல்லி அடுப்படி வேலையை முடித்துவிட்டு உட்காருவார்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளையாகக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சில் பாரமும் வியர்வையும் சேர்ந்து சில நிமிடங்கள் நீடித்தால் எந்த வயதாக இருந்தாலும், எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், அந்தச் சுகாதார நிலையத்தின் படியேறி ஈசிஜி எடுத்துவிட வேண்டும்.